கிளம்ப முடிகிற இடம்

ஒரு மாதத்துக்கும் மேலான விடுமுறையை ஒரே இடத்தில் உட்கார்ந்து கழிப்பதா, நாலைந்து இடங்களாகப் பிரித்துக்கொண்டு சுற்றுவதா என்று ஒரு குடும்பம் இப்படி மண்டையை உடைத்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போகப்போவது என்னவோ இரண்டே பேர், பல் டாக்டரும் அவர் பெண்டாட்டியும். ஆனால் கருத்துச் சொல்லாத ஆளில்லை. டாக்டரின் தம்பி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். க்ளினிக் நாற்காலியில் மல்லாந்த நோயாளிகள்கூட, வாய் மரத்துப்போவதற்குள் ஆளுக்கொரு யோசனையைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். வெயில் என்றால் என்ன விலை என்று கேட்கிற ஊர் அது. வருஷத்தில் பாதி நாள் மேகம், மீதி நாள் ஈரம். கடல், தென்னை, சுள்ளென்ற வெயில் என்று பேச்செடுத்தாலே எல்லோருக்கும் எச்சில் ஊறிவிடும்.

பெண்டாட்டியை எல்லோரும் வாலு என்று கூப்பிடுவார்கள். சின்ன வயதில் ஓரிடத்தில் உட்காராமல், வாய் ஓயாமல் வளவளத்துக்கொண்டே திரிந்ததற்கு அவள் அண்ணன் வைத்த பெயர். கல்யாணமாகி வந்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. இப்போது அவளைப் பார்க்கிற யாருக்கும் அந்தப் பெயர் ஏன் என்று புரியாது. கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் டாக்டரின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவன் வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. சின்னவன் என்பது டாக்டரின் தம்பி. டைல்ஸ் கடை வைத்திருக்கிறான், சத்தமாகப் பேசுவான், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பான். இன்னும் கல்யாணமாகவில்லை, அப்பா காலமானதிலிருந்து அம்மா அவனோடுதான் இருக்கிறாள். பல் டாக்டர் டேப்லெட்டை டீ மேஜைமேல் சாய்த்து வைத்து ஒவ்வொரு படமாகத் தள்ளினார்.

“இதான் வீடு. தண்ணிக்கு மேல மரக்கால் நட்டுக் கட்டியிருக்காங்க. தீவோட கடைசி மூலை. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காடு. வாரத்துக்கு ஒரு தடவை படகு வந்து சாமானை எறக்கிட்டுப் போயிடும். நாமளே சமைச்சுச் சாப்பிட்டுக்கலாம்.”

“டவர் கிடைக்குமாண்ணா?” என்றான் சின்னவன்.

“கிடைக்காது. அதுக்குத்தானே அங்க போறதே! ஃபோன் கிடையாது, நியூஸ் கிடையாது, பக்கத்து வீடு கிடையாது. அமைதி. அவ்வளவுதான்.”

வாலு கையில் இருந்த டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

“கேக்கவே குளுகுளுன்னு இருக்கு” என்றாள் மாமியார். “நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான் எம் புள்ள. நிம்மதியா கொஞ்ச நாள் காலை நீட்டட்டும்.”

இந்த அமைதி என்ற சொல்லைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. க்ளினிக்கில் அது டாக்டரின் மந்திரம். பல்லைப் பிடுங்க வந்தவன் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நடுங்கும்போது, டாக்டர் அவன் தாடையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாகப் பிடித்து, “அமைதி... அமைதி...” என்பார். அவ்வளவு இதமான குரல். ஆள் அப்படியே அடங்கிவிடுவான். அந்த டாக்டர் கை வைத்தால் வலியே தெரியாது என்று ஊர் பூராவும் பேச்சு. வாஸ்தவம்தான்.

வீட்டில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு அதே குரலில், அதே இரண்டு விரலால் வாலுவின் தாடையைப் பிடித்து அதையே சொல்வார். அப்புறம் செய்ய வேண்டியதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவர் நீட்டும் உள்ளங்கையில் ஃபோனை வைக்க வேண்டும். கட்டில் ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அவர் வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார். எப்போது திறப்பார் என்பது அவர் மனசைப் பொறுத்தது. ஒரு தடவை அப்படியே பூட்டிவிட்டு வெளியூரில் நடந்த பல் டாக்டர்கள் கூட்டத்துக்குப் போய் மாலை மரியாதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் அவள் குளியலறைக் குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். “நான் என்னிக்காவது உன்மேல கை நீட்டியிருக்கேனா?” என்று அவரே கேட்பார். அந்த இரண்டு விரலும் பதிந்த இடம் கன்னிப்போய், வீட்டுக்குள்ளேயே கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு அவள் நடந்ததெல்லாம் கை நீட்டுவதில் சேராது போலிருக்கிறது. படுபாவி.

இங்கே ஊருக்குள் இருக்கும்போதாவது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் டிவி பார்த்துக்கொண்டிருக்கும். கீழே கார்கள் போகும். அவருக்கும் க்ளினிக் திறக்கிற நேரம் என்று ஒன்று உண்டு. அந்த மரக்கால் வீட்டில் எதுவும் கிடையாது. அங்கே அவர் ‘அமைதி’ என்று சொன்னால் அது எப்போது முடியும்? யார் வந்து முடிப்பார்கள்?

“எனக்கு ஒரே இடம் வேணாம்” என்றாள் வாலு. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. “நாலஞ்சு இடம் பாக்கலாமே. முதல்ல அந்தத் துறைமுக ஊர். அங்க பெரிய மார்க்கெட் இருக்காம். அப்புறம் அருவி. அப்புறம் அந்த மலைமேல இருக்கற லாட்ஜு...”

“அண்ணி!” சின்னவன் சோபாவில் இருந்து எகிறினான். “பெட்டிய கட்டு, அவுரு, கட்டு, அவுருன்னு உங்க லீவு பூரா அதிலேயே போயிடும். ஒரு ஊர்ல சட்டை, இன்னொரு ஊர்ல பல் வெளக்கற பிரஷ்ஷு. அண்ணன் பல் டாக்டரா இருந்துக்கிட்டு பல்லே வெளக்காம திரிய வேண்டியதுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

“தண்ணி மாறி மாறிக் குடிச்சா வயித்துக்கு ஆகாதும்மா” என்றாள் மாமியார். “ஒரு இடத்துல இருந்தா உடம்பு பழகிக்கும். ரெண்டு நாளைக்கு ஒரு கட்டில்ல படுத்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?”

“இல்ல அத்தை, எனக்கு... ஒரே இடத்துல இருந்தா போரடிக்கும்.”

“போரடிக்குதாம். கேட்டியா பெரியவனே? நீ பக்கத்துல இருக்கும்போதே போரடிக்குதாம்.” மாமியார் கண்ணைச் சிமிட்டினாள். பாவம், அவள் அதை ஆசையாகத்தான் சொன்னாள். வாலு உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தாள்.

உண்மையில் அருவியும் வேண்டாம் மலையும் வேண்டாம் அவளுக்கு. டேப்லெட்டில் ஓட்டல் படங்களைப் பார்க்கும்போது அவள் கண் கடலுக்குப் போகவே இல்லை. ரிசப்ஷனில் நிற்கிற பெண்ணைத் தேடியது, அறை கூட்ட வருகிற அம்மாளைத் தேடியது. இடம் மாறும்போதெல்லாம் வேன் ஓட்ட ஒருத்தர் வருவார், பெட்டி தூக்க ஒருத்தர் வருவார், பக்கத்து மேஜையில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் அவர் தங்கமான மனிதர். அந்தப் பத்துப் பேரைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், பாவி மகள், அருவி என்றும் மார்க்கெட் என்றும் பெயர் வைத்து.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கார் சிக்னலில் நின்றபோது டாக்டர் அவள் பக்கம் திரும்பி, “உனக்கு ஓடிக்கிட்டே இருக்கணும், இல்ல?” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இந்த விடுமுறைப் பேச்சே எப்படி முளைத்தது என்பதும் தெரியும். போன மாதம் அவள் ஒரு காரியம் செய்தாள். காய்கறி வாங்கப் போகிற சாக்கில் படுக்கையறைச் சாவியைக் கொண்டுபோய்க் கள்ளச்சாவி ஒன்று போட்டுக்கொண்டு வந்து, குளியலறையில் சோப்புப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். ஒருநாள் சாப்பிட உட்காரும்போது அவள் தட்டுக்குப் பக்கத்தில், ஸ்பூன் இருக்க வேண்டிய இடத்தில், அந்தச் சாவி இருந்தது. டாக்டர் சோற்றைப் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, “நாம ரெண்டு பேரும் எங்கயாவது தூரமா போய்ட்டு வரணும்மா. எல்லாத்தையும் சரி பண்ணிக்கணும்” என்றார். மறுநாளே டேப்லெட்டில் அந்த மரக்கால் வீடு வந்துவிட்டது.

எல்லாத்தையும் என்றால் என்ன? எதைச் சரி பண்ணப்போகிறார்? இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பாத்திரம் தேய்க்கும்போது நினைப்பு வரும், குழாயை மூடாமல் அப்படியே நின்றுவிடுவாள். அந்த வீட்டுக்குப் போனால் தான் திரும்பி வர மாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. கொன்றுவிடுவாரா? அப்படியெல்லாம் இருக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். பிறகு, மரக்கால் வீட்டைச் சுற்றி எவ்வளவு ஆழம் இருக்கும் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொன்னாள். அவள் அண்ணனிடம் ஒரு தடவை ஃபோனில் அழுதாள். நல்லவன்தான் அண்ணன், நல்லவர்களோடு இதுதான் தொல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்து வைக்கிறேன் பேர்வழி என்று டாக்டருக்கே ஃபோன் போட்டான். “மாப்ள, அவ கொஞ்சம் வாலு. நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்” என்றான். டாக்டரும், “அதனால என்ன மச்சான், நான் பாத்துக்கறேன்” என்றார். அன்றைக்குத்தான் கதவு பூட்டியது பூட்டியபடி இருக்க, அவர் அந்தக் கூட்டத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் மென்று விழுங்கப் பழகிக்கொண்டாள்.

மாமியாரிடம் சொல்லலாமா என்று ஒன்றிரண்டு தடவை வாயெடுத்தாள். “எம் புள்ள கோபப்பட்டு நான் பாத்ததே இல்ல” என்று அந்த அம்மாள் தொடங்கிவிடுவாள். அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல?

அடுத்த சனிக்கிழமை டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போவது என்று முடிவானது. சின்னவனுக்குத் தெரிந்த ஆபீஸ். பேரம் பேசுகிறேன் என்று அவன் ஒட்டிக்கொண்டான்; தீவுப் படங்களைப் பெரிதாகப் போட்டுக் காட்டுவார்களாமே என்று மாமியாரும் கிளம்பிவிட்டாள். சின்னவன் காரில் அவர்கள் இருவரும், டாக்டர் காரில் இவர்கள் இருவரும். வாலு மடியில் கைப்பை. அதற்குள் இரண்டு பாஸ்போர்ட்டும். அவற்றை எடுத்து அவள் பையில் வைத்ததே டாக்டர்தான். “நீயே பத்திரமா வச்சுக்கோ” என்றார்.

ஆபீஸ் ஒரு மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. கண்ணாடி மேஜை, சுவர் நிறைய நீலநீலமாகக் கடல். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

“டாக்டர் சார், நீங்களா! என்னைத் தெரியுதா? போன வருஷம் எனக்கு வேர் சிகிச்சை பண்ணீங்களே. வலியே தெரியல சார். எங்க வீட்ல எல்லாருக்கும் உங்களத்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

“கடவாப் பல், இடது பக்கம்” என்றார் டாக்டர் புன்னகையோடு. அந்த அம்மாள் உருகிப்போய்விட்டாள். மாமியார் பெருமையில் நாற்காலி நிறைய உட்கார்ந்தாள். முடிந்தது கதை என்று வாலு நினைத்துக்கொண்டாள். இவளும் அவர் பக்கம்.

ஆனால் டிராவல்ஸ் அம்மாள் தொழிலில் சுத்தமாக இருந்தாள். கணினித் திரையைத் திருப்பி வைத்து இரண்டு வழியையும் பிட்டுப்பிட்டு வைத்தாள்.

“ஒரே இடம்னா வாடகை கம்மி. பெட்டிய ஒரு தடவை அவுத்தா போதும். அலுப்பே கிடையாது. நல்ல ரெஸ்ட்டு. ஆனா ஒண்ணு சார், உள்ளதச் சொல்லிடறேன். இந்த வீடு ரொம்ப ஓரம். கடல் கொந்தளிச்சா படகு வராது. ஒரு வாரம், பத்து நாள்கூட வராம இருந்திருக்கு. உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரி கிடையாது. பல இடம்னா செலவு ஜாஸ்தி, அலைச்சல், பாதி நாள் வண்டியிலேயே போயிடும். ஆனா ஒரு எடம் பிடிக்கலன்னு வச்சுக்கங்க, கிளம்பிடலாம். யாரையும் கேக்க வேணாம். அது ஒரு சௌகரியம்.”

“ஆஸ்பத்திரி எதுக்கு, வீட்டுக்குள்ளேயே டாக்டர் இருக்கும்போது?” என்றான் சின்னவன். “படகு வரலன்னா இன்னும் நல்லது. மீன் புடிச்சுத் திங்கலாம். விலைய மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க மேடம்.”

டாக்டர் தலையாட்டினார். “ஒரே இடமே போட்டுடுங்க.”

அந்த அம்மாள் விசைப்பலகையில் கை வைத்தாள். டக் டக்கென்று தட்டத் தொடங்கினாள். பத்து நாள் படகு வராது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டிக்கெட் வந்துவிடும். அவள் பையிலிருந்து எடுத்து வைத்த பாஸ்போர்ட் இரண்டும் மேஜை மேல் கிடந்தன. இப்போது பேசாவிட்டால் இனிமேல் பேச முடியாது என்று அவளுக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

“எனக்கு அது வேணாம்” என்றாள். குரல் கிறீச்சென்று வந்தது. “எனக்கு... கிளம்ப முடியற மாதிரி இடம்தான் வேணும். மேடம், தட்டாதீங்க. அங்க நான் போக மாட்டேன். கிளம்ப முடியற மாதிரி...”

டிராவல்ஸ் அம்மாள் கையை எடுத்துவிட்டு எல்லோரையும் பார்த்தாள். சின்னவன் அரைச் சிரிப்போடு நின்றான். டாக்டர் கொஞ்சமும் பதறவில்லை. நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினார். க்ளினிக்கில் திரும்புவாரே, அதே மாதிரி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவள் தாடைக்கு வந்தன.

“அமைதி” என்றார் மெதுவாக. “அமைதி.”

“அடடா, இதையேதான் எனக்கும் சொன்னாரு!” என்று டிராவல்ஸ் அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “எவ்வளவு பொறுமை பாருங்க.”

அப்போதுதான் அது நடந்தது. வாலு செய்ய நினைத்துச் செய்யவில்லை. அவளுடைய கை தானாகக் கைப்பைக்குள் போனது, ஃபோனை எடுத்தது. டாக்டரின் இடது உள்ளங்கை ஏற்கெனவே அவர் முழங்கால்மேல் விரிந்து காத்திருந்தது. அவரும் நினைத்துச் செய்யவில்லைதான். பழக்கம். ஃபோன் அந்த உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது, அவர் விரல்கள் மூடிக்கொண்டன. வாலு நாற்காலியிலேயே திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரில் ஒரு கடல் படம். பட்டப்பகலில், ஆபீஸில், நாலு பேருக்கு முன்னால் தான் இப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அதற்கப்புறம்தான் புத்தியில் ஏறியது. அவமானத்தில் உடம்பு பற்றி எரிந்தது. இவர்கள் சிரிக்கப்போகிறார்கள், வீட்டுக்குப் போனதும் அவர் கதவைச் சாத்தப்போகிறார்.

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் தன் வலது கையிலிருந்த தங்க வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று ஏற்கெனவே மேஜை மேல் கிடந்தது. இரண்டாவது விரல் முட்டியில் மாட்டிக்கொள்ள, அதைத் திருகித் திருகி இழுத்தாள். எடுத்து, சத்தம் வராமல், முதல் வளையலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் பேயறைந்தவள்போல் இருந்தது. தன் கை என்ன செய்தது என்று அவளுக்கே தெரியாத மாதிரி, அந்த இரண்டு வளையலையும் குனிந்து பார்த்தாள். பிறகு மகனின் மூடிய கையைப் பார்த்தாள். பிறகு வாலுவை.

டாக்டரும் வளையல்களைப் பார்த்தார். வாலு அவர் முகத்தை ஓயாமல் படித்துப் பழகியவள். வானிலை பார்ப்பதுபோல் நாள்தோறும் பார்ப்பவள். அந்த முகத்தில் இதுவரை அவள் பார்க்காத ஒன்று அப்போது வந்து போனது. திருட்டுத்தனம் அகப்பட்ட பிள்ளையின் முகம். அந்த வளையல்கள் ஏன் அங்கே வந்தன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாமியாரும் அதைப் பார்த்துவிட்டாள்.

“எந்திரிம்மா” என்றாள் வாலுவிடம்.

“அம்மா, புக்கிங் பாதில இருக்கு” என்றார் டாக்டர். பழைய புன்னகை திரும்பி வந்திருந்தது. “அவ எப்பப் பாத்தாலும் ஃபோனையே நோண்டறா, கண்ணு கெட்டுப் போகுதேன்னுதான் வாங்கி வச்சேன்.”

“நீ போய்ட்டு வா. ஒரே எடமோ, ஒம்போது எடமோ, எங்க வேணா போ. இவ எங்கூட வர்றா.”

“அம்மா.” அவர் எழுந்து கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார். மிக மெதுவாக, மிக இதமாகச் சொன்னார். “அமைதி.”

வாலு தன் கண்ணால் பார்த்தாள்: மாமியார் பின்வாங்கி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து அவள் பயந்து நின்றாள். சரி, அவ்வளவுதான், இனி இவளும் உட்கார்ந்துவிடுவாள் என்று வாலு நினைத்தாள். என்ன தைரியத்திலோ, கையை நீட்டி மாமியாரின் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது அந்தக் கை.

“எந்திரிச்சுட்டேன் அத்தை” என்றாள். “போலாம்.”

டிராவல்ஸ் அம்மாள் மேஜை மேலிருந்த இரண்டு பாஸ்போர்ட்டையும் பிரித்துப் பார்த்தாள். ஒன்றை மட்டும் எடுத்து மேஜையைச் சுற்றி வந்து வாலுவின் கைப்பைக்குள் போட்டாள். “இது உங்களோடது மேடம்” என்றாள். முன்பு கேட்ட குரலே இல்லை அது.

சின்னவன் இதுவரை ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றான். அவனுக்கு ஒரு எழவும் புரியவில்லை. அம்மாவின் வெறுங்கை மட்டும் புரிந்தது. அவன் பிறந்ததிலிருந்து அந்தக் கையை வளையல் இல்லாமல் வெளியில் பார்த்ததில்லை. சிரிப்பு அவன் முகத்தைவிட்டு ஒழுகிப்போனது. “அண்ணா” என்றான், “வழிய விடு.”

டாக்டர் நகரவில்லை. தெருவில் போகிறவர்கள் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார்கள். ஒரு வயதான மனிதர், நோயாளியாக இருக்க வேண்டும், டாக்டருக்கு வணக்கம் வைத்தார். டாக்டரின் கை தானாக உயர்ந்து வணக்கம் சொன்னது, முகம் சிரித்தது. அந்த நேரத்தில் அவர்கள் மூவரும் அவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டார்கள். வளையல்களைச் சின்னவன் அள்ளிக்கொண்டு வந்தான். ஃபோன் அவர் கையிலேயே போய்விட்டது.

காரில் ஏறி, கதவைச் சாத்தி, பூட்டு விழுகிற சத்தம் கேட்டதும் வாலு துள்ளி விழுந்தாள். பிறகுதான், இது உள்பக்கத்துப் பூட்டு, தன் கைக்கு எட்டுகிற பூட்டு என்று தெரிந்தது. அப்படியும் அவளால் நேராக உட்கார முடியவில்லை. பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பின்னால் வருகிற சாம்பல் நிறக் கார் ஒவ்வொன்றும் அவர் காராகத் தெரிந்தது. மாமியாரின் பைக்குள் ஃபோன் அடித்தது. திரையில் ‘பெரியவன்’ என்று வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

“வீட்டுக்கு வருவாரு அத்தை” என்றாள் வாலு. “இன்னிக்கே வருவாரு. அழுவாரு. உங்க கால்ல விழுவாரு. நீங்க அனுப்பிடுவீங்க என்னை.”

“வரட்டும்” என்றாள் மாமியார். “நானும் பயந்தாங்கொள்ளிதாம்மா. ஆனா அனுப்ப மாட்டேன். கதவத் தொறக்கலன்னா போச்சு.”

சின்னவன் ஒரு திருப்பத்தில் வண்டியைத் தப்பாக ஓட்டி, ஹார்ன் அடி வாங்கி, ஓரமாக நிறுத்திவிட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பினான்.

“எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கம்மா. அண்ணன் என்ன பண்ணாரு? அமைதியா இருன்னுதானே சொன்னாரு?”

“உங்கப்பாவும் அதத்தான் சொல்வாரு.”

“அப்பாவா? அவரு சத்தமா ஒரு வார்த்த பேசி நான் கேட்டதே இல்லியே!”

“அவரு எதுக்குடா சத்தமா பேசணும்? கதவச் சாத்திட்டு மெதுவா ஒரு தடவ சொன்னா போதும், நான் வளையலக் கழட்டி மேஜை மேல வச்சிடுவேன். அப்புறம் நடக்கறதுல வளையல் சத்தம் வெளிய கேட்டுடக் கூடாதுல்ல.” அவள் தன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். “நீ அப்ப கைக்குழந்த. உங்கண்ணன் பக்கத்து ரூம்ல படுத்திருப்பான். காலைல எந்திரிச்சு, சமத்தா பல்லு வெளக்கி, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிடுவான். ஒரு நாள்கூட எதுவும் கேட்டதில்ல.”

மாமியார் சின்னவனைப் பார்க்கவில்லை. வாலுவின் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் தூங்கிட்டு இருக்கான்னுதான்டி நான் நெனச்சேன்” என்றாள்.